ஸ்ரெபானி கீழே வந்து சேர்ந்த விதம்

2022ஆம் ஆண்டு மாசிக் கடைசியில், ஹேர்னிங்குக்குத் தெற்கே உள்ள பனிச்சறுக்கு மலையில் பனி முழுவதும் உருகிப் போனது. ஸ்ரெபானியின் ஸ்கித் தடங்கள் இரண்டு மட்டும் உருகவில்லை. அவை உச்சியில் தொடங்கி, பழுத்துக் கிடந்த புல்லின் மேல் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு வெள்ளைக் கோடுகளாக இறங்கி, மலையின் முக்கால் பங்கில் சட்டென்று நின்றன. அமுங்கிய பனி கடைசியில்தான் உருகும், ஒரு வாரம் பொறுங்கள் என்று பனிச்சறுக்குக் கழகத்துக்காரர்கள் சொன்னார்கள். சித்திரையில் கோடுகளின் இரு பக்கமும் மஞ்சள் பூக்கள் பூத்தன. ஆடி மாத வெயிலில் ஹேர்னிங்கில் இருந்து குடும்பங்கள் பிள்ளைகளுடன் வந்து கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்கள். விரல் குளிர்ந்தது, ஈரமாகவில்லை. பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த ஒரு பெண் ஒரு கரண்டி பனியை அள்ளிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள். குளிர்ப்பெட்டி தேவைப்படவில்லை என்று பிறகு மின்னஞ்சல் அனுப்பினாள்.

மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. உலகப்போர்க் காலத்தில் பழுப்பு நிலக்கரி தோண்டியவர்கள் மேல்மண்ணை ஒரு பக்கத்தில் கொட்டினார்கள். கொட்டிய மண் மலையாயிற்று. தோண்டிய குழியில் தண்ணீர் நிரம்பி அதன் அடிவாரத்தில் ஏரியாயிற்று. இரண்டும் ஒரே மணல். நனைந்தால் கஞ்சி போல நகரும். டென்மார்க் தட்டையான நாடு என்பதால் அந்த மண்மேட்டை டேனிஷ்காரர்கள் மலை என்றார்கள். யாழ்ப்பாணமும் மன்னாரும் அதைவிடத் தட்டை என்பதால் தமிழர்களும் மறுப்பின்றி மலை என்றார்கள். ஸ்ரெபானியின் தகப்பன் அல்பேட் ஒருவர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. மகள் முதல்முதலாக அவரை அங்கே கூட்டிப்போன நாளில், "இதுக்குப் பேர் மலையோ? மன்னாரிலை பனையிலை ஏறுறவன் இதைவிட மேலை நிண்டு பீடி பத்துவான்" என்றார். "அவன் பனையாலை சறுக்கிக்கொண்டு இறங்குறவனோ அப்பா?" என்று மகள் கேட்டாள். "இறங்குவான். ஒருக்கா மட்டும்" என்றார் அல்பேட். அந்தப் பகிடிக்கு அன்று எல்லாரும் சிரித்தார்கள்.

ஸ்ரெபானி ஹேர்னிங்கில் பிறந்தவள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நோர்வேக்குப் போய் ஸ்கி பழகி வந்தவள். முதியோர் இல்லமொன்றில் நடக்க மறந்தவர்களுக்கு நடை பழக்குவது அவளுடைய தொழில். பனிக்காலத்து வார இறுதிகளில் சிவப்பு ஜக்கெட் போட்டுக்கொண்டு மலையில் ரோந்துக்குப் போவாள். அதற்குச் சம்பளம் இல்லை. விழுந்தவனைத் தூக்கிச் சறுக்குப் படுக்கையில் கட்டிக் கீழே கொண்டுவருவது, எல்லைக் கயிறுகளைப் பார்ப்பது, கடைசியாக மலையை மூடுவது என்பவை ரோந்தின் வேலைகள். கணவன் சுஜிந்தன் ஹோர்சன்ஸில் வளர்ந்தவன், ஓர்ஹூஸில் பொறியியல் படித்தவன், அதிகம் பேசாதவன். அவளுக்காக ஸ்கி பழகப் போய், பழக முடியாமல், கீழே ரோந்துக் குடிலில் வோக்கி என்ற கையடக்க வானொலியோடு உட்காரும் வேலையை எடுத்துக்கொண்டான். கலியாணம் முடிந்து இரண்டு பனிக்காலம் அப்படிப் போனது. மேலே அவள், கீழே அவன், நடுவில் வோக்கி. அந்த மலையில் ரோந்துக்காரர்கள் பயந்தது குளிருக்கு அல்ல, பனி இளகும் காலத்துக்கு. இயந்திரம் தூவிய பனி மாசிக் கடைசியில் ஊறிய அவல் போலக் கனக்கும். மேலே பனி இருக்கும், அடியில் தண்ணீர் ஓடும், அதற்கும் அடியில் மணல் யோசித்துக்கொண்டிருக்கும். கயிறு கட்டிய கம்புகள் ஒரு மழையில் சரியும்.

மலையை மூடுவதற்கு ஒரு முறை இருந்தது. மாலையில் ஆட்கள் போன பிறகு ரோந்துக்காரர்கள் உச்சியில் இருந்து, யாரும் விடுபட்டுக் கிடக்கிறார்களா என்று பார்த்தபடி இறங்குவார்கள். கிளம்பும்போது எந்தப் பக்கம் போகிறோம் என்று வோக்கியில் சொல்ல வேண்டும். அடிவாரத்துக்கு வந்ததும் 'கீழே' என்று பொருள்படும் ஒரு டேனிஷ் சொல்லைச் சொல்ல வேண்டும். எல்லாருடைய 'கீழே'யும் வந்த பிறகுதான் ரோந்துத் தலைவர் யென்ஸ் மலையை மூடி, சறுக்குப் பாதையின் விளக்குகளை அணைப்பார். ஒருவருக்காக இன்னொருவர் சொல்ல முடியாது. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் முதல் மழை. மற்ற இருவரும் இறங்கி 'கீழே' சொல்லிவிட்டார்கள். ஸ்ரெபானி உச்சியில் இருந்து, டேனிஷில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், வீட்டுவாசலில் நின்று சொல்வதுபோல, "சுஜி, போட்டு வாறன்" என்றாள். தமிழ் வீட்டில் வெளிக்கிடுகிறவர்கள் 'போறன்' என்று சொல்வதில்லை. அவளுடைய தாய் மேரிகிறேஸ் அந்தச் சொல்லைச் சொன்னால் வாயில் அடிப்பார். மிளகாய்த்தூள் வாங்கக் கடைக்குப் போனாலும் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். குடிலில் பக்கத்தில் இருந்த யென்ஸ் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். "வருகிறாள்" என்றான் சுஜிந்தன். அது பிழையான மொழிபெயர்ப்பு அல்ல, பாதி மொழிபெயர்ப்பு. போவதை விட்டுவிட்டு வருவதை மட்டும் சொன்னான். எங்கே போகிறாய் என்று அவன் கேட்கவில்லை. யென்ஸுக்குப் பதில் சொல்லப்போய், அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலையும் சொல்லவில்லை. 'ஓம், போட்டு வா' என்பது அந்தப் பதில். வருகிறாள் என்பதால் இருவரும் கோப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஏரிப் பக்கத்துக் கயிற்றில் ஒரு கம்பு சரிந்திருந்ததை மற்ற இருவரில் ஒருவர் பிறகு நினைவுபடுத்திச் சொன்னார். அடுத்த நாள் காலை சறுக்குப் பழகப் பிள்ளைகள் வர இருந்தார்கள். அந்தக் கம்பைக் கட்டத்தான் அவள் போயிருக்கிறாள். கரை கம்போடும் கயிற்றோடும் ஏரிக்குள் இறங்கிவிட்டது. சத்தம்கூடக் கேட்கவில்லை. நாய்கள் வந்தன, சுழியோடிகள் வந்தார்கள். ஏரிக்கு அடி இல்லை, மணல்தான் இருக்கிறது, அது கையை வைத்த இடமெல்லாம் இளகுகிறது என்று சொல்லி அவர்கள் போனார்கள். பாதையின் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. ஒரு ரோந்துக்காரர் இன்னும் கீழே வரவில்லை என்பதால் யென்ஸ் மலையை மூடவில்லை, அது விதி. பங்குனியில் நகர நிர்வாகமான கொம்யூனில் இருந்து ஒருவர் வந்து பிரதான ஆளியை அணைத்தார், விளக்குகள் எரிந்தன. மின்சாரக்காரர்கள் கம்பியை வெட்டினார்கள், அப்போதும் எரிந்தன. விதி விதிதானே என்று யென்ஸ் சொன்னார். அன்று முதல் அவர் வேலைக்குப் போனாலும், மகளின் திருமணத்துக்குப் போனாலும், இடுப்பில் வோக்கியைச் செருகிக்கொண்டு போனார். பக்கத்துப் பண்ணையில் கோழிகள் விடிந்ததாகவே நினைத்து ஓய்வில்லாமல் முட்டையிட்டு, ஆவணிக்குள் ஒவ்வொன்றாகச் செத்தன. வசந்தத்தில் வடக்கே போக வேண்டிய வாத்துகள் போகாமல் ஏரியில் தங்கின.

அடுத்த வருடம் நீதிமன்றம் ஸ்ரெபானியை இறந்தவள் என்று அறிவித்தது. மனைவியை இழந்த ஆணுக்குத் தமிழில் வாயில் வரும் சொல் ஒன்றும் இல்லை; டேனிஷில் இருந்தது. சுஜிந்தன் எங்கே எதற்குப் போனாலும் அந்தச் சொல்லால் அவனைக் குறித்துக்கொண்டார்கள். அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவளை அடக்கம் செய்ய வேண்டும். உடல் இல்லாமலும் செய்யலாம், ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று குருவானவர் சொன்னார். மேரிகிறேஸ் சம்மதிக்கவில்லை. ஹேர்னிங்கில் அவர்களுடைய வீட்டுக் குசினியில், குருவானவருக்கு முன்னாலேயே மருமகனிடம் கேட்டார்.

"தம்பி, அவள் போறன் எண்டு சொல்லிப்போட்டே போனவள்? வாறன் எண்டெல்லோ சொன்னவள்?"

"ஓம் மாமி."

"வாறன் எண்டு சொன்ன பிள்ளைக்கு நான் என்னெண்டு பூசை வைக்கிறது? நாளைக்கு அவள் கதவைத் தட்டி, என்னம்மா எனக்கோ பூசை எண்டு கேட்டா, பாதர் பதில் சொல்லுவாரோ?"

குருவானவர் தேத்தண்ணீரைக் குடித்தார். கோடுகள் உருகும்வரை பார்ப்போம் என்று அல்பேட் சொன்னார். கோடுகள் உருகவில்லை. சுஜிந்தன் வேலைக்குப் போனான், வந்தான். அவளுடைய உடுப்புகள் அலுமாரியில் அப்படியே இருந்தன. இரவல் வாங்கிய வீட்டில் இருப்பவனைப் போல கட்டிலின் ஒரு பக்கத்தில் படுத்தான். அழவில்லை. அழுவதற்கும் ஒரு நாள் குறிக்க வேண்டியிருந்தது.

அவர்கள் காத்திருந்தது உருகுவதற்கு. கோடுகள் செய்ததோ வேறு. 2023இல் பனி இளகும் காலம் வந்தபோது, நின்ற இடத்தில் இருந்து அவை கீழ்நோக்கி நீளத் தொடங்கின. யாரும் பார்க்கும்போது நீளவில்லை. காலையில் வந்து பார்த்தால் மழைக்குள் இன்னும் கொஞ்சம் போயிருக்கும். இடிந்த கரைக்கு வந்ததும் அவை நிற்கவில்லை. ஏரித் தண்ணீருக்கு மேலாக அதே ஒரு சாண் இடைவெளியில் போயின. வாத்துகள் அவற்றின் மேல் ஏறி நின்றன. இளக்கம் முடியும்போது கோடுகள் பழைய கரை இருந்த இடத்தை அடைந்தன. அங்கே தண்ணீருக்குள் இருந்து அந்தக் கம்பு நிமிர்ந்து நின்றது. அதில் கயிறு ரோந்து முடிச்சில் இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சைப் படகில் போய்ப் பார்த்த யென்ஸ், அது ஸ்ரெபானி கட்டியதுதான், அவள் மட்டும்தான் கடைசிச் சுற்றை இடப்பக்கமாகப் போடுவாள், எத்தனையோ முறை திருத்தியும் கேட்கவில்லை என்றார்.

2024இல் கோடுகள் கம்பைச் சுற்றித் திரும்பின. கரைக்கு வந்து, கரையோர மேட்டில் ஏறத் தொடங்கியதும் உருவம் மாறியது. ஸ்கியோடு ஏறுகிறவர்கள் நுனிகளை விரித்து, ஒன்று மாற்றி ஒன்றாக வைத்து ஏறுவார்கள். தடம் மீன்முள் போல விழும். பனியில் அல்ல, சேற்றில் அந்த வெள்ளை முள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டு வந்தது. சில நாட்கள் ஒரு முள்கூட விழவில்லை. ஏறுவது கஷ்டம், மூச்சு வாங்குகிறாள் போல என்று ரோந்துக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அல்பேட் வந்து நெடுநேரம் பார்த்தார். "பாரை முள்ளு" என்றார். பிறகு, "முள்ளு கிடக்கு, மீனைக் காணேல்லை" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் பகிடியாகச் சொல்லவில்லை. அந்த வருடத்தில் தடம் மேட்டின் விளிம்போடு நின்றது. அங்கே இருந்து குடிலுக்குச் சமதரைதான்; ஒரு இளக்கம் போதும் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் கொம்யூன் மலையை வெட்டிக் குழியை மூடுவது என்று முடிவெடுத்தது. மண் பாதுகாப்பில்லை, விளக்கு அணையவில்லை, கழகத்தில் ஆளும் இல்லை. பங்குனி தொடங்க இயந்திரங்கள் வரும் என்று அறிவித்தார்கள். யென்ஸ் போய், ஒரு ரோந்துக்காரர் இன்னும் பாதையில் இருக்கிறார் என்று முறைப்படி சொன்னார். அதிகாரி அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, தேதியை மாற்ற முடியாது என்றாள். அந்தப் பனிக்காலம் பிடிவாதமாகக் குளிர்ந்தது. தை முழுதும் மண் இறுகிக் கிடந்தது. மாசியும் அப்படியே போனது. கோடுகள் அசையவில்லை. டென்மார்க்கில் வெயிலுக்காகக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் சேற்றுக்காகக் காத்திருந்தவன் சுஜிந்தன் ஒருவன்தான். லீவு எடுத்துக்கொண்டு, அவளுடைய பழைய சிவப்பு ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, தினமும் மலைக்குப் போனான். இயந்திரங்கள் முந்திவிட்டால் அவள் பாதிவழியில் நிற்பாள், மேரிகிறேஸ் சாகும்வரை கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவனும் அந்தக் கட்டிலின் ஒரு பக்கத்திலேயே படுத்திருப்பான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கோல்டிங்கில் இருந்து பார்க்க வந்த அவனுடைய தமையன் ஸ்ரான்லி மட்டும் காருக்குள் இருந்தபடி கேட்டான்.

"டேய், சறுக்கத் தெரியாதவனுக்கு ஏனடா ஜக்கெட்?"

"குளிருது அண்ணை."

"சரி. எனக்கும் ஒண்டு எடு. ரெண்டு பேருமாக் குளிருவம்."

இயந்திரங்களைப் பாரவண்டிகளில் கொண்டுவந்து இறக்கிய வாரத்தில் காற்று தெற்குக்குத் திரும்பி மழை தொடங்கியது. மண் இளகியது. சுஜிந்தன் ரோந்துக்காரர்கள் செய்வதையெல்லாம் செய்தான். மேட்டில் இருந்து குடில் வரை இரு பக்கமும் கம்பு நட்டுக் கயிறு கட்டினான். மணல் ஊறும் இடங்களில் பலகை போட்டான். சரிந்த கம்புகளை நிமிர்த்தினான். யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டான். ஸ்ரான்லி பின்னால் சுத்தியலோடு நடந்து, ஒவ்வொரு கம்புக்கும் இவனுடைய படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். கோடுகள் கயிறுகளுக்கு நடுவால், நேராக, களைத்தவர் வருவது போல நிதானமாக வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தபோது, இரண்டும் குடில் வாசலில் பக்கவாட்டாகத் திரும்பி, ஒன்றோடொன்று ஒட்டி நின்றிருந்தன. ஸ்கியைக் கழற்றுகிறவர் அப்படித்தான் திரும்பி நிற்பார். சுவரோரம், ஸ்கிகளை நட்டு வைக்கும் இடத்தில், புதிதாக இரண்டு துளைகள் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. சுஜிந்தன் கதவைத் திறந்து வைத்துவிட்டு மாமியாருக்குத் தொலைபேசி எடுத்து, "மாமி, வந்திட்டா" என்றான்.

மேரிகிறேஸ் பூசைக்கு உடுத்த சேலையோடு வந்தார். மேட்டில் இருந்து கோட்டின் பக்கத்தாலேயே நடந்து வந்தார். வாசலில் குனிந்து, ஒட்டி நின்ற கோடுகளின் மேல் உள்ளங்கையை வைத்தார். நீண்ட நேரம் கையை எடுக்கவில்லை.

"ஓம். வந்திட்டாள்" என்றார். "சொன்ன சொல்லுக்கு வந்திட்டாள்."

பிறகு நிமிர்ந்து, வரிசையாக நின்ற இயந்திரங்களைப் பார்த்தார். "பிள்ளையை வெளியிலை விட்டிட்டுப் போகேலாது. அள்ளுங்கோ."

முதல் கையை அவரே அள்ளினார். உச்சியில் இருந்து ஏரிக்கு, ஏரியில் இருந்து மேட்டுக்கு, மேட்டில் இருந்து வாசலுக்கு, அந்தப் பனி முழுவதையும் மண்வெட்டியாலும் தட்டகப்பையாலும் வழித்து எடுத்தார்கள். தண்ணீருக்கு மேல் கிடந்ததை யென்ஸ் படகில் போய்ச் சுருட்டுவது போல எடுத்துவந்தார். காயப்பட்டவர்களைக் கட்டி இறக்கும் சறுக்குப் படுக்கையில் குவித்து, பட்டிகளால் மூன்று இடத்தில் கட்டி, ரோந்து முறைப்படி தலைப்பக்கம் மேலாக வைத்து இறக்கினார்கள். டேனிஷ் சவப்பெட்டிகள் வெள்ளை. அதற்குள் வெள்ளையை வைத்தபோது கொஞ்சம்கூட மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை. அடக்கம் செய்பவர் முதலில் அடியில் பொலித்தீன் விரிக்க நினைத்தார்; கையை வைத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். தூக்கியவர்களுக்கு அவளுடைய பாரம் தெரிந்தது. சுஜிந்தனுக்கு அது கையிலேயே நினைவிருந்தது.

கொம்யூன் இயந்திரங்களை அடக்கம் முடியும்வரை நிறுத்தி வைத்தது. ஹேர்னிங் கல்லறையில், வெள்ளிக்கிழமை, இதமான காற்றில் பெட்டியை இறக்கினார்கள். குருவானவர் மண் போட்டார். மற்றவர்கள் பிடிமண் போட்டார்கள். மேரிகிறேஸ் ஒப்பாரி வைத்தார். மூன்று வருட ஒப்பாரி என்பதால் நேரம் எடுத்தது. முடிந்த பிறகு, கறுப்புக் கோட்டின் மேல் வோக்கியோடு நின்ற யென்ஸ் அவருடைய கையைப் பிடித்தார். மரியாதைக்கு, இத்தனை காலத்தில் பழகிய ஒரே தமிழ்ச் சொல்லைச் சொல்லத் தொடங்கினார்.

"போட்டு வா..."

மேரிகிறேஸ் கையைத் தூக்கி மறித்தார். "இஞ்சை அதைச் சொல்லக் கூடாது. தம்பி, அவருக்குச் சொல்லு."

சுஜிந்தன் இந்த முறை முழுவதையும் மொழிபெயர்த்தான். சாவு நடந்த இடத்தில் இருந்து கிளம்பும்போது போகிறேன் என்றும் சொல்வதில்லை, வருகிறேன் என்றும் சொல்வதில்லை, ஒன்றும் சொல்லாமல் போவதுதான் முறை என்றான். யென்ஸ் விளங்கித் தலையாட்டினார். அப்போது அவருடைய இடுப்பில் வோக்கி கரகரத்தது. ஸ்ரெபானியின் குரல், களைப்பாக, டேனிஷில், "கீழே" என்றது.

யென்ஸ் வோக்கியை எடுத்து, பொத்தானை அழுத்தி, "கேட்டது. நன்றி. எல்லாரும் கீழே. மலை மூடப்படுகிறது" என்றார். பிறகு வோக்கியைச் சுஜிந்தனிடம் நீட்டினார். சுஜிந்தன் பொத்தானை அழுத்தி, "ஓம்" என்றான். அவன் என்ன சொன்னான் என்று யென்ஸ் கேட்டார். ஆமாம் என்று சொன்னேன் என்றான். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. மலையில் விளக்குகள் அணைந்தன. அன்று மாலையே வாத்துகள் கிளம்பி வடக்கே போயின.

திங்கட்கிழமை இயந்திரங்கள் வேலை தொடங்கின. கோடைக்குள் மலையை முழுவதும் வெட்டி, ஏரியை மூடி, நிலத்தை மட்டமாக்கினார்கள். மணலை ஒவ்வொரு வாளியாகக் கவனித்து அள்ளியதாகவும், அதற்குள் எதுவும் கிடைக்கவில்லை என்றும் கொம்யூன் அதிகாரி வீட்டுக்கு வந்து வருத்தத்தோடு அறிவித்தாள். ஸ்ரெபானி அங்கே இல்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மேரிகிறேஸ் அந்தப் பெண்ணுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.